அத்தானின் இலை

எங்கள் தெருவில் கோட்டாற்றுச் சித்திக்கு இருந்த கெட்ட பெயர் ஒன்றே ஒன்றுதான். அடுத்த வீட்டுச் சோற்றுக்கு அலைகிறவள் என்பது. அந்த அடுத்த வீடு எங்கள் வீடு. உச்சிப்பொழுது ஆனதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து இலைமுன் உட்கார்ந்துவிடுவாள். வைத்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டுத்தான் எழுந்திருப்பாள். இத்தனைக்கும் ஆள் ஈர்க்குச்சி மாதிரி இருப்பாள். தின்கிறதெல்லாம் எங்கேதான் போகிறதோ என்று அம்மை கேட்பாள். எனக்கும் அதே சந்தேகம்தான். பாவாடை கட்டித் தெருவெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த வயது எனக்கு. ஊரில் யாரைக் கண்டாலும் பிடிக்கும், சித்தியை மட்டும் பிடிக்காது.

சித்தி என்பது நான் கூப்பிட்ட முறை. உண்மையில் அவள் எங்களுக்கு உறவு இல்லை. கோட்டாற்றிலிருந்து பக்கத்து வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் வந்த கொஞ்ச நாளில்தான் என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, தாலியறுத்துக் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பினாளாம். அப்பா அவளுக்கு வீட்டின் தெற்குப் பாதியைத் தனி அடுப்போடு விட்டுக் கொடுத்திருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே கிணறு. அந்தக் கிணற்றடியில் தொடங்கிய சிநேகம் அது.

நான் பார்க்கும்போது இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. பேசுவதெல்லாம் சண்டை போலத்தான் இருக்கும். சித்தியின் மருமகள் முகத்தைச் சுளித்தால் சித்தி அத்தையின் அடுக்களைக்கு வந்துவிடுவாள். எங்கள் அம்மை முகத்தைச் சுளித்தால் அத்தை அங்கே போய்விடுவாள். அம்மையும் மருமகளும் ஒரே நாளில் முகத்தைச் சுளித்தால் அத்தையும் சித்தியும் கிணற்றடியில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். சித்தியின் புருஷன், எனக்குச் சித்தப்பா, வாதம் வந்து படுக்கையில் விழுந்த பிறகு, சாயங்காலமானால் அத்தை அங்கே போவாள். ஒருத்தி தோளைப் பிடிக்க, ஒருத்தி இடுப்பைப் பிடிக்க, அவரைப் புரட்டி உடம்பைத் துடைத்து வேட்டி மாற்றிப் படுக்க வைப்பார்கள். அவர் ஆள் பெரிய உருவம். ஒருத்தியால் ஆகிற காரியமில்லை.

அத்தையின் மகன், என் அத்தான், குலசேகரத்துக்கு மேலே மலையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். தீபாவளிக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனவன். ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் அவனுடைய தகரப்பெட்டியையும் குடையையும் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். மலைக்காய்ச்சல் என்றார்கள். ஆறு கரைபுரண்டு ஓடியதால் உடலைக் கொண்டுவர முடியவில்லை, அங்கேயே எரித்துவிட்டோம் என்றார்கள். அம்மை நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை மட்டும் அழவில்லை.

“மொகத்தைப் பாத்தது ஆரு?” என்று கேட்டாள்.

“நாங்க பாத்தோம் அம்மா.”

“நான் பாக்கல்லியே” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

தாய்மாமன் என்ற முறையில் அப்பாதான் எல்லாச் சடங்கையும் செய்தார். பதினாறாம் நாள்கூட அத்தை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அன்றைக்கும் மற்ற எல்லா நாளும் போல இரண்டு பேருக்குச் சோறு வடித்து, உள்ளித் தீயல் வைத்து, அத்தானுக்கு ஓர் இலை போட்டுப் பரிமாறி, அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இறந்தவனுக்கு வைத்த சோறு காக்கைக்குத்தான் போகவேண்டும், இப்படி வீட்டுக்குள் இலை போட்டுக் காத்திருப்பது குடும்பத்துக்கு ஆகாது என்று அப்பா கத்தினார்.

“காக்காவுக்கு வைக்கதுக்கு அவன் செத்தா போனான்?” என்றாள் அத்தை.

மகன் உண்ணாமல் அவள் உண்ண மாட்டாள். அவன் வீட்டுக்கு வருகிற நாட்களில் எப்போதும் அப்படித்தான். இப்போது தினமும் வருவான் என்று இருந்ததால் தினமும் பட்டினி கிடந்தாள். சாயங்காலம் வரை சோறு இலையில் காய்ந்து கிடக்கும். பிறகு அதை மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டு ஒரு செம்பு நீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவாள். அம்மை கஞ்சி கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொள்வாள். சில நாட்களிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற நிலைக்கு வந்துவிட்டாள். இவளுக்கும் சீக்கிரம் ஒரு பதினாறு செய்யவேண்டி வரும் என்று அப்பா அம்மையிடம் சொன்னதைக் கேட்டு நான் போர்வைக்குள் அழுதேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் உச்சிக்குச் சித்தி வந்தாள். மழையில் நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே இலையைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள்.

“யக்கா, இன்னைக்கு அவன் வரமாட்டான் பாத்துக்கிடுங்க. திருவட்டாத்துப் பாலத்துக்கு மேல ஆறு போவுதாம். வண்டி ஒண்ணும் இந்தப் பக்கம் கடக்கல்லியாம். சோறு ஆறுதுல்லா, நான் உண்ணட்டா?”

“அவனுக்க சோத்தையா?”

“நாளைக்கு அவன் வந்தா சூடா வேற வடிப்போம். மலையில இருந்து நடந்து வாற பிள்ளைக்கு இந்த ஆறுன சோத்தையா போடுவீங்க?”

அத்தை யோசித்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். சித்தி உட்கார்ந்து முழுச்சோற்றையும் தின்றாள். இலையை மடித்துவிட்டு, “இனி நீங்க உண்ணுங்க” என்றாள். இலை காலியானதைப் பார்த்த பிறகு அத்தை உண்டாள். கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். அத்தானின் சோற்றைத் தின்றுவிட்டாளே என்று ஆத்திரம்தான் வந்தது.

அன்று தொடங்கியது. வெள்ளம் வடிந்த பிறகு வேறு காரணங்கள் வந்தன. தோட்டத்துத் துரை லீவு கொடுக்கவில்லையாம். தோட்டத்தில் கணக்கு முடிக்கிற நேரமாம். மாசியில் கும்பப்பூ நெல் அறுப்புக்கு வரத்தான் இருந்தானாம், கூட இருக்கிற பையனுக்குக் காய்ச்சலாம். ஒரு நாள் சொன்ன காரணத்தைச் சித்தி இன்னொரு நாள் சொன்னதில்லை. அத்தை தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். பிறகு வழக்கமான சண்டை தொடங்கும்.

“உப்பு கூடிப்போச்சு யக்கா.”

“நாக்கு செத்தவளுக்கு எதைப் போட்டாலும் கூடத்தான் செய்யும். தின்னு ஏட்டி.”

சாவுச்சோறு தின்கிறவள் என்று தெரு பேசியது. சித்தியின் மருமகள் அவளுக்குத் தட்டையும் குடத்தையும் தனியாக ஒதுக்கி, நெல் போடுகிற பின்னறையில் படுக்கப் போட்டாள். குழந்தைகளைத் தொட விடவில்லை. பேரன் ஒருவன் ஓடிவந்து மடியில் ஏறியபோது மருமகள் அவனைப் பிடுங்கிக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். சித்தி வெறும் மடியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். உச்சியாகியிருந்தது.

தை மாதத்துக்குப் பிறகு சித்தி மேலும் மெலிந்தாள். ஒரு நாள் உண்டுவிட்டுப் போனவளை வைக்கோல் படப்பின் பின்னால் பார்த்தேன். குனிந்து, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தின்றதை எல்லாம் கக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, “அத்தைகிட்ட சொல்லாத மக்கா” என்றாள். நான் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது? அளவுக்கு மேல் தின்றால் வாந்தி வரத்தான் செய்யும்.

ஆடி அமாவாசை வந்தது. அப்பாவும் அம்மையும் விடியும் முன்பே வண்டி கட்டிக் கன்னியாகுமரிக்குக் கடலாடப் போனார்கள். அத்தானுக்கும் அங்கே எள்ளும் தண்ணீரும் விடவேண்டும் என்று அப்பா மெல்லச் சொன்னார். எனக்குக் காலில் கட்டி என்பதால் அத்தையிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அன்று தெருவில் எல்லா வீட்டிலும் பிதிர்களுக்குப் படையல். கூரையெல்லாம் காக்கைச் சத்தம். எங்கள் வீட்டில் மட்டும் வழக்கம்போல அத்தானின் இலை, வழக்கம்போல அத்தை.

சித்தி வரவில்லை. உச்சி சாய்ந்தது. அத்தை வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தாள். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

பின்னறையில் சித்தி பாயில் சுருண்டு கிடந்தாள். நெல் உமியும் வாந்தியும் கலந்த ஒரு வாடை அடித்தது. மருமகள் வாசலில் நின்றபடியே அத்தையிடம் பொரிந்தாள்.

“ஒரு வாய் கஞ்சி உள்ள நிக்கல்ல. வயித்துல கட்டி, சோறே தொடப்பிடாதுன்னு வைத்தியரு தையிலயே சொல்லியாச்சு. கேட்டாத்தானே? இங்க ஒரு பருக்கை வாயில வைக்கமாட்டா. தெனமும் அங்க வந்து முட்ட முட்டத் தின்னா. இப்போ பாத்துக்கிடுங்க.”

அத்தை பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சித்தியின் வயிற்றில் கையை வைத்தாள். வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

சித்தி கண்ணைத் திறந்தாள். “நேரமாச்சே யக்கா. இலை போட்டாச்சா? இந்தக் கையை ஒண்ணு பிடிங்க, எழும்பி வாறேன்.”

சொன்னதோடு நில்லாமல் முழங்கையை ஊன்றி எழுந்திருக்கவும் பார்த்தாள். அத்தை அவளுடைய தோளை அழுத்திப் படுக்க வைத்தாள்.

“கிடட்டி. இனி நீ வரண்டாம். அவன் வந்தாச்சு.”

“ஆரு?”

“ஆரா? நம்ம பயதான். இப்பந்தான் வந்து கேறினான். காலைக் கழுவிட்டு உண்ண இருந்தாச்சு.”

சித்தி அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தையும் பார்வையை எடுக்கவில்லை.

“வயிறு நெறைய உண்டானா?”

“மறுசோறு கேட்டு வாங்கி உண்டான்.”

“மெலிஞ்சிருக்கானா?”

“கொஞ்சம் கறுத்திருக்கான். மத்தபடி நல்லாத்தான் இருக்கான்.”

“அப்போ செரி” என்றாள் சித்தி. கையை மடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். “இனி நான் கொஞ்சம் கிடக்கேன் யக்கா.”

நான் அங்கே நிற்கவில்லை. கட்டிக் காலோடு நொண்டிக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன். அத்தை பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அத்தான் வந்துவிட்டான். அடுக்களையில் இலை போட்டபடி கிடந்தது, சோறு தொடாமல் இருந்தது. உள்ளறை, கிணற்றடி, தொழுவம் எல்லாம் தேடினேன். “அத்தான், அத்தான்” என்று கூப்பிட்டேன். எங்கும் இல்லை. என்னைப் பார்க்காமலே போய்விட்டானே என்று எனக்கு அழுகை வந்தது.

அத்தை வந்தாள். இலையை இரண்டு கையாலும் ஏந்திக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் துவைக்கிற கல்மேல் வைத்தாள். நிமிர்ந்து நின்று வாயைத் திறந்தாள். பிறகு “கா... கா...” என்று கூப்பிட்டாள். அத்தான் வந்திருக்கிற நாளில் இவள் ஏன் காக்கையைக் கூப்பிடுகிறாள் என்று நான் திகைத்து நின்றேன்.

ஒரு காக்கையும் வரவில்லை. காலையிலிருந்து ஊரெல்லாம் வைத்த படையலைத் தின்று அவற்றுக்கு வயிறு நிறைந்திருந்தது. தென்னை ஓலைகளில் உட்கார்ந்து அலகைத் துடைத்துக்கொண்டிருந்தன. அத்தை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வெயில் இறங்கும் வரை கூப்பிட்டாள். குரல் கட்டிப்போன பிறகும் வெறும் காற்றாகக் கூப்பிட்டாள். பத்து மாதம் அடக்கிவைத்த அழுகையை அவள் அழுததும் அங்கே அந்தக் கல்லின் முன்னால்தான். அது அழுகை என்றுகூட எனக்குத் தெரியவில்லை, தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று பயந்து செம்பில் நீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

இருட்டுவதற்கு முன் முகத்தைக் கழுவிக்கொண்டு சித்தப்பாவைப் புரட்டப் போனாள். மறுபக்கம் பிடிக்க ஆள் இல்லை. தோளைப் பிடித்துத் தூக்கினாள், இடுப்பு வரவில்லை. இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள், தோள் வரவில்லை. அவர் வாய் கோணி அழுதார். நனைந்த வேட்டியிலேயே அவரைக் கிடத்திவிட்டுத் திரும்பினாள்.

அந்த ஆடி முடிவதற்குள் சித்தி இறந்துபோனாள்.

அதற்குப் பிறகு அத்தை அத்தானுக்கு இலை போடவில்லை. அவளுடைய அடுப்பில் எப்போதாவதுதான் புகை வந்தது. அம்மை சோறு கொண்டுபோய் வைத்தால், “அங்கன வச்சிட்டுப் போ, பொறவு உண்ணுதேன்” என்பாள். மறுநாள் காலை அதே சோற்றை நான் மாட்டுத் தொட்டியில் பார்ப்பேன். ஆனால் யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை, அப்பா சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டினாள். அவளுக்குப் புத்தி தெளிந்துவிட்டது என்று அப்பா கோயிலில் தேங்காய் உடைத்தார். சனியன் பிடித்தவள் போனாள், இவளுக்கும் நல்ல காலம் பிறந்தது என்று தெரு சொன்னது. அத்தையின் சோற்றைத் தின்ன இனி யாரும் வரமாட்டார்கள் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.