திரும்பி வரச் சொன்னவர்

திருவெறும்பூர் கபடிப் போட்டியில் என் பேத்தியின் அணி ஒரு புள்ளியில் தோற்றது. இரண்டு முறை பாடிப் போய் யாரையும் தொடாமல் வந்தால், மூன்றாம் முறை தொட்டே ஆகவேண்டும், இல்லையேல் அவுட். மூன்றாவதாகப் போன என் பேத்தி வெறுங்கையோடு திரும்பினாள்.

"மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதா?" என்று எல்லார் எதிரிலும் திட்டினேன்.

விசிலை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருக்கும் ஒல்லியான பயிற்சியாளர் ஓடி வந்தார். காது சிவந்திருந்தது.

"அவ சரியாத்தான் எண்ணினா சார். நான்தான் ரெண்டுன்னு நெனச்சு, திரும்பி வான்னு கத்திட்டேன். என்னை நம்பி வந்துட்டா." அவளிடம், "இனிமே நான் தப்பா சொன்னா கேக்காதம்மா" என்றார்.

"விடுங்க சார், அடுத்த தடவை நானும் திருப்பிக் கத்துறேன்" என்றாள் பேத்தி.

ஸ்ரீரங்கம் வரை பஸ்ஸில் நிறுத்தங்களை எண்ணிக்கொண்டே வந்தேன். அத்தனை பேர் எதிரில் அவரால் சொல்ல முடிந்ததை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்தியிடம் என்னால் சொல்ல முடியவில்லை.