ஊறப்போட்ட மண்வெட்டி

வேதகிரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். உத்திரமேரூர் ஏரித் தண்ணீருக்குத் தகராறு என்றால் அவன் குரல்தான் முதலில் கேட்கும். அவன் பெண்டாட்டி ஞானசுந்தரி தனித்தேர்வராகப் பத்தாவது எழுத, அடுப்படியில் இங்கிலீஷ் பாடத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வெள்ளைக்காரன் கோவத்துல நெதானம் தப்பிட்டா, கோடாரி காம்பை வுட்டுப் பறந்துடுச்சின்னு சொல்லுவானாம்யா."

"ஊறப்போடத் தெரியாத பசங்க!" என்று சிரித்தான் வேதகிரி. காம்பு உப்பி இறுகட்டும் என்று, தன் மண்வெட்டியை வேலைக்கு முன்னால் வாய்க்காலில் ஊறப்போடுகிறவன் அவன்.

மறுநாள் அவன் முறைத் தண்ணீரைப் பக்கத்து வயல்காரன் சின்னப்பையன் திருப்பிவிட்டிருந்தான். வேதகிரிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மடையருகே நின்றவன்மேல் மண்வெட்டியை ஓங்கினான். கைக்குள் காம்பு ஆடியது. வந்த ஆத்திரத்தில் அன்று ஊறப்போடவில்லை. சுந்தரி சொன்னது சட்டென்று நினைவில் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மண்வெட்டியைத் தண்ணீரில் போட்டுவிட்டு, கரையில் குந்தினான். அதைப் பார்த்த சின்னப்பையன், தானே போய் மடையை அடைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் சுந்தரியின் புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"இன்னாய்யா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவல சுந்தரி. அதுக்குத்தான்."