பிளாஸ்ரிக் புழுவும் பிள்ளையார் நேர்த்தியும்

போன கிழமை லாச்சப்பல் பக்கம் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு கடைக்குப் பெருஞ்சீரகம் வாங்கப் போனேன். கடைக்காரத் தம்பி பெரிய பையின் வாயை அவிழ்த்ததும் வாசம் முகத்தில் அடித்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னம்மா, பழசோ எண்டு பாக்கிறியளோ? முந்தநாள்தான் வந்திறங்கினது" என்றார்.

"இல்லைத் தம்பி, நல்ல சரக்குத்தான்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பெருஞ்சீரகம் மணத்தால் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் இறைச்சிக் கறி ஞாபகம் வரும். எனக்குப் புழு ஞாபகம் வரும்.

முகத்தைச் சுளிக்காதீர்கள். மண்ணில் நெளிகிற புழு இல்லை, மீன்பிடிக்கிற பிளாஸ்ரிக் புழு. நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம், தொட்டால் கொழுக்கட்டை மாவு மாதிரி மெத்தென்று இருக்கும். பச்சை, ஊதா, மினுக்கம் தூவிய கறுப்பு என்று எல்லா நிறத்திலும் வரும். மீனுக்குப் பிடிக்கும் என்று செய்கிறவர்கள் அதற்குள் பெருஞ்சீரக வாசமுள்ள எண்ணெயைச் சேர்ப்பார்கள். மீனுக்குப் பிடித்ததோ இல்லையோ, என் கைகளில் நாலு வருசம் அந்த வாசம்தான். சோறு குழைத்தாலும் அதுதான் மணக்கும்.

அப்போது நாங்கள் லாச்சப்பலில் ஓர் அறையில் இருந்தோம். நான் முதலில் வந்தவள், எனக்கு விசா கிடைத்திருந்தது. பின்னால் வந்த இவருக்கு, அதுதான் என் மனுசனுக்கு, இரண்டுமுறை மறுத்துவிட்டார்கள். மூன்றாம் முறை எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். இவர் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு பொலிஸ்காரரைக் கண்டாலும் நடையை மாற்றிக்கொள்வார். அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு கரையும். ஒருநாள் பிள்ளையார் கோயிலில் நின்று நேர்த்தி வைத்துவிட்டேன். இவருக்கு விசா வரும்வரைக்கும் மச்சம், அதுதான் மீன் இறைச்சி, வாயிலும் வைக்கமாட்டேன், கையாலும் தொடமாட்டேன் என்று. வாயோடு நிறுத்தியிருக்கலாம். கையையும் ஏன் சேர்த்தேன் என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். எனக்கு மீன் என்றால் உயிர். கொஞ்சமாகக் கேட்டால் பிள்ளையார் காதில் விழாது என்று நினைத்திருப்பேன்.

அப்படி நேர்த்தி வைத்தவளுக்கு வேலை கிடைத்த இடத்தைப் பாருங்கள். மீன்பிடிச் சாமான் விற்கிற கடை. கால்வாய்க் கரைக்குப் போகிற தெருவில் இருந்தது. கடைக்காரி றோஸ் அக்கா புதுச்சேரிக்காரி, அவவின் புருசன் பிரெஞ்சுக்காரர். அவர் செத்துப்போக, கடை இவவின் தலையில் விழுந்துவிட்டது. எனக்குக் காலையில் நிலம் கூட்டித் துடைத்துத் தட்டுகளில் தூசு தட்டுகிற வேலை. முதல்நாள் ஒரு பெட்டியைத் திறந்து புழுக்களைக் கண்டதும் துணியைப் போட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்தேன்.

"என்னம்மா நீ, பாம்பப் பாத்த மாதிரி குதிக்கிற? பிளாஸ்டிக்மா அது. கடிக்காது" என்று றோஸ் அக்கா வயிறு குலுங்கச் சிரித்தா.

அவவுக்கு விற்கத் தெரியும், ஆனால் புழுவைத் தூண்டில் முள்ளில் கோக்கத் தெரியாது. புருசன் இருந்தவரைக்கும் அந்த வேலை அவருடையது. ஒருநாள் ஒரு வெள்ளைக்காரர் வாங்கின பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் போட்டார். புழு தண்ணீருக்குள் சுற்றுகிறது, போட்ட இடமெல்லாம் பாசியில் மாட்டுகிறது என்று ஒரே சத்தம். அக்கா தோளைத் தூக்கிக்காட்டினா. நான் திரைச்சீலைக்குப் பின்னால் விளக்குமாற்றோடு நின்றேன்.

எனக்கு ஐந்தாம் வகுப்புவரைதான் படிப்பு. பிரெஞ்சு எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் பெட்டியின் முதுகில் படம் இருந்தது. தூசு தட்டும்போது தினமும் பார்த்த படம். ஊரில் நான் சட்டை தைத்தவள், விளிம்பு மடிப்பில் நூல் வெளியே தெரியாமல் தைப்பதில் எனக்குப் பெயர் இருந்தது. படத்தைப் பார்த்தால் அந்த வேலைதான் என்று பட்டது.

சொல்கிறேன், கேளுங்கள். தங்கூசி என்கிற நைலோன் நூலில் முதலில் கூம்பு மாதிரி ஒரு சின்ன ஈயம், அதற்குப் பின் தூண்டில் முள். புழுவின் மூக்கில் முள்ளைக் கொஞ்சமாகக் குத்திக் கீழ்ப்பக்கமாக வெளியே எடுத்து, முள்ளின் கழுத்து மூக்குக்குள் மறையும்வரை இழுக்க வேண்டும். பிறகு முள்ளைத் திருப்பி, அதன் வளைவு உடம்பில் எங்கே வந்து முட்டுகிறது என்று வைத்துப் பார்த்து, அந்த இடத்தில் திரும்பக் குத்தி, கூர் மேல்தோலுக்கு அடியில் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். கூர் வெளியே எட்டிப்பார்த்தால் கால்வாயில் கிடக்கிற பாசி, கிளை, பழைய சைக்கிள் எல்லாம் மாட்டும். குத்துகிற இடம் ஒரு நெல்லளவு பிசகினாலும் புழு கூனிப்போய்ப் பம்பரமாகச் சுற்றும். அதைக் கண்டால் மீன் வராது, சிரிக்கத்தான் செய்யும்.

ஒன்றைக் கோத்து மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அடுத்தநாள் அக்கா அதைத் தூக்கிக் காட்டினா.

"இத யாரு பண்ணது?"

"நான்தான் அக்கா. பழுதாப் போச்சோ?"

"பழுதா? என் வீட்டுக்காரர் கோத்தாகூட இப்படி நேரா நிக்காதும்மா!"

அதிலிருந்து எனக்குக் கூட்டுகிற வேலை பாதி, கோக்கிற வேலை பாதி. ஆட்களுக்கு முன்னால் வர எனக்குக் கூச்சம். திரைச்சீலைக்குப் பின்னால் முக்காலியில் இருந்து கோத்து, கையை மட்டும் வெளியே நீட்டிக் கொடுப்பேன். வாங்க வருகிறவர்கள் "உள்ளே இருக்கிற மதாம் கோத்தது இருக்கிறதா" என்று கேட்பார்கள். என் முகம் தெரியாதவர்களுக்கு என் கைவேலை தெரிந்திருந்தது. அந்தக் கேள்வி காதில் விழும்போதெல்லாம் திரைக்குப் பின்னால் எனக்குள் சிரிப்பு வரும்.

திங்கட்கிழமைகளில் கடை பூட்டு. அக்கா என்னையும் 'ஊர்க்' என்று பெயருள்ள கால்வாய்க்குக் கூட்டிப்போகத் தொடங்கினா. அங்கே பிளாக் பாஸ் என்று ஒரு மீன். பச்சை உடம்பு, பக்கத்தில் கறுத்தக் கோடு, தலைக்குப் பொருந்தாத பெரிய வாய். உயிர்ப்புழுவாக இருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன். பிளாஸ்ரிக்குக்கு வலிக்காது. பிடிக்கிற மீனையும் திரும்பத் தண்ணீரில் விடுவதுதான் அங்கே வழக்கம். மீனை முள்ளிலிருந்து கழற்றுவது அக்காவின் பொறுப்பு. என் கையில் ஒரு செதிலும் படாது. பிள்ளையாரையும் ஏமாற்றவில்லை, மீனையும் கொல்லவில்லை என்று மனசைத் தேற்றிக்கொள்வேன்.

இவருக்கு மட்டும் அது பெரிய பகிடி.

"மச்சம் தொடாத ஆள் மீன் பிடிக்கப் போறாவாம். உமக்கென்ன விசரே?"

"பிடிக்கிறதுதான் நான். தொடுறது அக்கா."

"பிள்ளையாருக்கு வழக்காடத் தெரியாதெண்டு நினைச்சீரோ?"

இந்த மீன்பிடியில் பாதி, சும்மா இருப்பது. புழுவை எறிந்து, அது அடியில் போய்ப் படுக்கும்வரை விட்டு, மெதுவாக ஒரு முழம் இழுத்து, திரும்பவும் விட்டுவிட வேண்டும். அது கூச்சமுள்ள ஆட்களுக்கென்றே செய்த வேலை. மற்றப் பாதிதான் எனக்குச் சிக்கல். நூலில் டக் டக்கென்று இரண்டு தட்டுத் தட்டும். உடனே தடியை ஓங்கி இழுத்தால்தான் தோலுக்குள் ஒளிந்திருக்கிற கூர் வெளியே வந்து மீனின் வாயில் ஏறும். நான் யாரையும் ஓங்கிப் பேசினதுகூட இல்லை. இழுப்பதா விடுவதா என்று நான் யோசித்து முடிக்கிறதற்குள் மீன் துப்பிவிட்டுப் போயிருக்கும்.

"கேட்டுட்டா இழுப்ப? மன்னிச்சுக்கோ மீனேன்னு சொல்லிட்டா இழுப்ப?" என்று அக்கா கத்துவா. ஒரு கோடைக்காலம் முழுக்கத் திட்டு வாங்கித்தான் என் கை பழகியது.

அடுத்த புரட்டாதி மாதம் செவ்ரான் என்ற இடத்தில், அதே கால்வாயின் கரையில், மீன்பிடிச் சங்கத்துக்காரர் ஒரு போட்டி வைத்தார்கள். அக்கா என்னைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டா.

"கொங்கூருக்கு, அதான் போட்டிக்கு, உம்பேரையும் எழுதிட்டேன். முறைக்காத. எத்தன நாளைக்குத் திரைக்குப் பின்னால கைய மட்டும் நீட்டிட்டிருப்ப?"

போட்டிச் சட்டத்தைப் பிறகுதான் சொன்னா. ஒருவருக்கு ஒருவர் உதவக்கூடாது. பிடித்தவரே மீனைக் கையால் எடுத்து, ஈரப் பலகையில் வைத்து அளக்கக் கொடுத்து, தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துவிட்டு விட வேண்டும். கையால் எடுத்தால் நேர்த்தி முறிந்துவிடும். இவருடைய மூன்றாவது முடிவு எந்த நாளும் வரலாம் என்று இருந்த நேரம். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். போவேன், எறிவேன், ஆனால் தட்டினாலும் இழுக்கமாட்டேன். ஒன்றும் பிடிபடாமல் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை. இவரும் பிளாஸ்கில் தேத்தண்ணியோடு வந்து, கால்வாய்க்கு மேலே இருந்த இரும்புப் பாலத்தில் நின்றுகொண்டார். என்னைச் சுற்றி எல்லாம் ஆண்கள், விலையான தடிகள். அக்கா ஐம்பதடி தள்ளி. ஊதாப் புழு ஒன்றை நேராகக் கோத்து, மரநிழல் விழுந்த இடத்தில் எறிந்தேன். பத்து மணிவரைக்கும் என் எண்ணப்படியே ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, டக் டக்.

இழுக்கக்கூடாது என்று மனசு சொல்லி முடிக்கவில்லை. கை இழுத்துவிட்டது. அக்காவிடம் வாங்கின திட்டெல்லாம் கையில் இருந்திருக்கிறது.

தடி வில்லாக வளைந்தது. றீல் கத்தியது. மீன் ஒருதரம் தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறியது. இரண்டு கரையிலும் ஓவென்று ஒரு சத்தம். அப்படி ஒரு பாஸை நான் அதற்கு முன் கண்டதில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் என் காலடியில் களைத்துப்போய் வாயைத் திறந்தபடி கிடந்தது. அளக்கிற தாடிக்காரர் பலகையோடு வந்து நின்று, "அலே, மதாம், அலே!" என்று மீனை எடுக்கச் சொல்லி அவசரப்படுத்தினார்.

நான் குனியவில்லை. அக்காவுக்கு விளங்கிவிட்டது. தன் தடியைப் போட்டுவிட்டு ஓடிவந்தா.

"நான் எடுக்குறேன்மா, நீ விடு. கொங்கூர் போனா போவுது!"

நான் பாலத்தை நிமிர்ந்து பார்த்தேன். தூரத்தில் இவர் முகம் தெரியவில்லை. இவருடைய விசா என் இரண்டு கைகளில் இருக்கிறது என்று அப்போது நான் முழுக்க நம்பினேன். நூலைத் தளர்த்தினால் மீன் போய்விடும், எல்லாம் சரியாகிவிடும். அந்த மீன்மேல் பாவப்பட்டு நான் குனிந்தேன் என்று சொன்னால் நல்லாயிருக்கும். அது பொய். அது நான் பிடித்த மீன். என் கையால் கோத்து, என் கையால் இழுத்த மீன். அதை இன்னொருவர் கையில் பார்க்க என்னால் முடியவில்லை.

"வேண்டாம் அக்கா, நான் எடுக்கிறன்" என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன், தாடிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பெருவிரலை வாய்க்குள் வைத்து, மற்றக் கையை வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கினேன். குளிர்ந்து, கனத்து, உயிரோடு இருந்தது. நாற்பத்தேழு சென்ரிமீற்றர். அன்றைக்கு அதைவிடப் பெரிய மீன் ஒருவருக்கும் இல்லை. படம் எடுத்தார்கள். தண்ணீரில் விட்டதும் வாலால் ஒரு அடி அடித்துவிட்டுப் போய்விட்டது. ஆண்கள் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். மீன் பிடித்த கையைத் துடைக்காமலே கொடுத்தேன்.

ரெயினில் வந்து கார் து நோர் ஸ்ரேசனில் இறங்குகிறபோதுதான் இவர் வாய் திறந்தார்.

"நான் ஒண்டும் பாக்கேல்லை."

"பாலத்திலை நிண்டியள்தானே?"

"பிளாஸ்குக்கை பாத்துக்கொண்டு நிண்டனான். தேத்தண்ணி ஆறிப்போச்சோ எண்டு."

அன்றைக்குப் பின்னேரம் இவர் வேலைசெய்த சாப்பாட்டுக் கடையிலிருந்து இவருக்கென்று யாரோ கொடுத்துவிட்ட மீன் குழம்பை எடுத்து வைத்தேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டார். வயிற்றுக்குச் சரியில்லையாம். அடுத்த கிழமையும் சரியில்லை. அதற்கடுத்த கிழமையும். மீன் தலைக்காகச் சண்டை பிடிக்கிற மனுசன், மாரி முழுக்கப் பருப்பும் சோறும் சாப்பிட்டார். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மாசி மாதம் கடிதம் வந்தது. விசா கொடுத்திருந்தார்கள். கடிதத்தை இரண்டுதரம் வாசித்துப்போட்டு, "இஞ்சாரும், மீன் ஏதும் வாங்கட்டே?" என்றார். அன்றைக்குத்தான் வயிறு சுகமானது.

பிறகு றோஸ் அக்கா கடையை விற்றுவிட்டுப் புதுச்சேரிக்குப் போய்விட்டா. இப்போது அந்த இடத்தில் ரெலிபோன் திருத்துகிறார்கள். போகும்போது கடைச் சுவரில் மாட்டியிருந்த அந்தப் போட்டிப் படத்தைக் கழற்றித் தந்தா. நான் அதைப் பெட்டிக்கடியில் வைத்துவிட்டேன். இவர் உயிரோடு இருந்தவரைக்கும் அதை வெளியே எடுக்கவில்லை. நேர்த்தியை முறித்ததற்கு அதுதானே சாட்சி.

இவர் கண்ணை மூடின வருசம்தான் எடுத்துப் பார்த்தேன். பேத்தியின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். நடுவில் நான், மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கிறேன். பின்னால் அந்த இரும்புப் பாலம். இப்போது அதையும் கழற்றிவிட்டார்கள், புதுப்பாலம் வேறு இடத்தில். பாலத்தின் கம்பிக்கு மேலால் இடுப்புவரைக்கும் வெளியே சரிந்து, விழுந்துவிடுவாரோ என்று பயப்படுகிற அளவுக்கு எட்டி, என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார் இவர். பிளாஸ்க் எங்கேயும் தெரியவில்லை.