உயர்த்தித் தரச் சொன்ன கார்

பழைய காரின் ஸ்ட்ரட்டில் இரும்பு அறுக்கிற வாள் வைக்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்றுதான்: வெட்டினது வளராது. துணி வெட்டுகிறவர்களுக்கும் மரம் அறுக்கிறவர்களுக்கும் என் துக்கம் விளங்கும். தலைமயிர் வெட்டுகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

ஸ்ட்ரட் என்பது முன்சில்லுக்கு மேலே நிற்கிற இரும்புக் குழாய். உள்ளே குலுக்கலைத் தாங்குகிற ஷொக், வெளியே ஸ்பிரிங். ஸ்பிரிங் குந்தியிருக்கிற தட்டை வெட்டியெடுத்துவிட்டு, அந்த இடத்தில் மரை போட்ட வளையம் ஒன்றைப் பூட்டுவோம். வளையத்தைத் திருகினால் கார் உயரும், பதியும். இதற்குப் பெயர் கொயிலோவர். டென்மார்க்கில் கிரின்ஸ்டெட்டுக்கு வெளியே, சோள வயல் ஓரமாக இருக்கிற கராஜில் நானும் பிரெபெனும் இருபது வருசமாக இதைச் செய்கிறோம். பிரெபென் என்னுடைய கூட்டாளி. ஒரு நேரத்தில் ஒரு வசனத்துக்கு மேல் கதைக்காத, இந்தப் பக்கத்து யூலண்ட்காரன்.

மற்றப் பக்கம்

எங்களிடம் வருகிற எல்லாருக்கும் கார் நிலத்தை நக்க வேண்டும். ஹென்னிங் மட்டும் உயர்த்தச் சொன்னார். எழுபது தாண்டிய மனிசன். கார் அவருடைய இளமையிலேயே வாங்கினது, ஸ்பிரிங் எல்லாம் தளர்ந்து முன்பக்கம் குந்திவிட்டது. அதே ஸ்பிரிங்கை இப்போது ஒருவரும் செய்வதில்லை. மனைவி பியர்த்தேக்கு முழங்காலில் ஒப்பரேசன் நடந்திருந்தது. காருக்குள் இறங்கி இருந்தால் எழும்ப முடியாது. வெயில் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் மேற்குக் கடலுக்குப் போய் ஐஸ்கிறீம் சாப்பிட்டுவிட்டு வருவார்கள், வேறு ஒன்றும் இல்லை என்றார்.

புது மாடல் கார் ஒன்று வாங்கினால் ஏறுவது சுகம்தானே என்று நல்ல மனதோடு கேட்டேன். ஹென்னிங் மற்றப் பக்கக் கதவைத் திறந்து காட்டினார்.

"அவளுக்கு இந்த சீட்தான் பழக்கம்," என்றார்.

மூடி

இடது ஸ்ட்ரட்டின் மேல் மூடியைக் கழற்ற மூன்று நாள் எடுத்தது. டென்மார்க்கில் குளிருக்கு ரோட்டில் உப்புப் போடுகிறார்கள், அந்த உப்பு நாற்பது வருசமாக மரைக்குள் போய் இருந்திருக்கிறது. சூடாக்கினோம், எண்ணெய் விட்டோம், நான் தமிழில் பேசினேன், பிரெபென் சுத்தியலால் பேசினான். மூன்றாம் நாள் மூடி அசைந்தபோது என் தோள்மூட்டும் சேர்ந்து அசைந்தது. அடுத்தது வலது பக்கம் என்று நினைவு வந்ததும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

பிரெபென் கோப்பி கொண்டுவந்து தந்தான். "அது இதைவிட மோசமாக இருக்கும்," என்றான்.

இரண்டு விரற்கடை

அதுவரைக்கும் இரும்பின் பிழை. இனி என்னுடையது.

காரைப் பதிப்பதென்றால் குழாயின் மேற்பக்கத்தையும் வெட்டி, கட்டை ஷொக் போடுவோம். உயர்த்துவதென்றால் குழாயைத் தொடவே கூடாது. தட்டை மட்டும் எடுக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததா? ஆனால் இருபது வருசம் பதிச்சுப் பதிச்சுப் பழகின கை. இடது ஸ்ட்ரட்டை வைஸில் பூட்டினேன், அளந்தேன், கோடு கீறினேன், இரண்டாம் தரமும் அளந்தேன், வெட்டினேன். அழகான வெட்டு. இரண்டு விரற்கடை நீளத் துண்டு நிலத்தில் விழுந்து உருண்டு பிரெபெனின் சப்பாத்தில் முட்டியது.

அவன் அதைக் குனிந்து எடுத்துப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "நாங்கள் உயர்த்தத்தானே போறம்?" என்று கேட்டான்.

சமையலறை மேசை

துரு தின்றுவிட்டது என்று சொல்லலாம் என்றான் பிரெபென். யாருக்கும் தெரியாது. ஹென்னிங் வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அந்தப் பொய்யை டெனிஷில் சொல்லிப் பார்த்தேன். நல்லாகத்தான் வந்தது. ஆனால் கதவைத் திறந்தது பியர்த்தே. ஊன்றுகோலோடு நடந்து போய் எனக்குக் கேக் வெட்டி வைத்தா. அதற்குப் பிறகு வாயில் பொய் வரவில்லை. நான் பிழையாக வெட்டிவிட்டேன், ஒட்டிப் போட்டால் பாரம் தாங்காது, வேறு ஸ்ட்ரட் தேட வேண்டும் என்று சொன்னேன்.

ஹென்னிங் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பியர்த்தேதான் கதைத்தா. "அப்ப இந்த வெயில் காலம் இல்லை," என்றா.

சில்க்போர்க்

ஓகஸ்டில், சில்க்போர்க்குக்கு அங்கால் ஒருவரிடம் அதே மாடல் கார் தார்ப்பாயின் கீழ் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, கராஜைப் பிரெபெனிடம் விட்டுவிட்டு ஓடினேன். ஸ்ட்ரட் ஒன்று திறமாக இருக்கிறது என்று போனில் சொல்லியிருந்தார். உண்மைதான். வலது பக்கத்தது, இடதுக்குப் பொருந்தாது. இடது பக்கத்தை ஈரப் புல் அரித்து வலை மாதிரி ஆக்கி வைத்திருந்தது. எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நான் புல்லுக்குள் முழங்காலில் நிற்பதைப் பார்த்து அந்த மனிசனுக்குப் பாவமாகப் போய்விட்டது. "அப்பிள் கொஞ்சம் கொண்டு போம், இந்த வருசம் நல்லாக் காய்ச்சிருக்கு," என்றார்.

மலர்

இடது ஸ்ட்ரட் கடைசியில் நொவெம்பரில் ஸ்வீடனிலிருந்து வந்தது. அதற்குப் பிறகு நான் ஞாயிறும் வேலை செய்தேன். என் மனைவி மலர் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறா. கிறிஸ்மஸ் முடிந்து ஒருநாள் சாப்பிடும்போது, அந்தக் காரை அவசரப்படாமல் ஆறுதலாகச் செய்யுங்கோவன் என்றா. எனக்குக் கோபம் வந்தது. இந்தக் காரால் எனக்கு நித்திரை இல்லை, உமக்கு விளையாட்டாக இருக்கோ என்று கேட்டேன். அவ கோப்பையைக் கழுவப் போய்விட்டா.

மார்ச்சில் கார் வாகனப் பரிசோதனைக்குப் போய், ஒரு காகிதம் குறைகிறது என்று திரும்பி வந்து, இரண்டாம் தரம் பாஸ் ஆனது. ஹென்னிங் தனியாக வந்தார். பியர்த்தே கிறிஸ்மஸுக்கு முதல் விழுந்து இடுப்பு முறிந்து, இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறா, கட்டிலில் இருந்து தூக்க லிஃப்ட் வேணும், இனிக் காரில் ஏற்ற முடியாது என்று சாதாரணமாகச் சொன்னார். எந்த இல்லம் என்று நான் கேட்கவில்லை. கிரின்ஸ்டெட் அவ்வளவு பெரிய ஊர் இல்லை.

வீட்டுக்குப் போய் மலரைப் பார்த்தேன். நான் கேட்க முதலே அவவுக்கு விளங்கிவிட்டது.

"அங்க இருக்கிற ஆக்களைப் பற்றி வெளியில கதைக்கக் கூடாது எண்டு கையெழுத்து வைச்சனான்," என்றா. "உங்களுக்கும் சொல்லேலாது. ஆறுதலாச் செய்யுங்கோ எண்டதைத் தவிர நான் வேற என்ன சொல்ல?"

சாவி

சாவியைக் கொடுத்த அன்று நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஹென்னிங் ஓட்டுநர் பக்கம் போகவில்லை. சுற்றிப் போய் மற்றப் பக்கக் கதவைத் திறந்து, பியர்த்தே இருக்கிற சீட்டில் இருந்தார். காலை வெளியே வைத்து எழும்பினார். இன்னொரு தரம் இருந்து, இன்னொரு தரம் எழும்பினார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உயரம் சரி," என்றார்.

எங்கள் தொழிலில் பிழையாக வெட்டினதுக்கு ஸ்வீடனிலாவது சாமான் கிடைக்கும், பிந்திப்போனதுக்குத்தான் எந்தக் கடையிலும் இல்லை.