சிவப்புப் பக்கம்

கருத்தரங்கு அறையில் கலர் சாக்பீஸ் இல்லை.

"வெள்ளையிலயே எழுதுங்க மேடம்," என்றார் துறை உதவியாளர். "கணக்கு என்ன வெளுத்தா போயிடப் போகுது?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பரப்புகளை எப்படி வளைத்தாலும் இழுத்தாலும் அவற்றில் மாறாமல் நிற்பது எது என்று தேடுவதுதான் அவள் பிழைப்பு. எந்தப் பரப்பை வரைந்தாலும் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம். படிக்கிற காலத்திலேயே கையோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். இன்றைக்குத் தேர்வுக்குழு முன்னால் உரை. பிடித்துப்போனால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஒப்பந்தம் முடிந்த கையோடு நாலாவது ஊர்.

நிறம் இல்லாததால் பலகையில் வார்த்தையாக எழுதினாள்: 'பரப்பை அதன் சிவப்புப் பக்கமாகச் சற்று நகர்த்துக.'

சிவப்புப் பக்கம் என்றால் எது? கை நின்றது. காகிதப் பட்டையை ஒருமுறை முறுக்கி முனைகளை ஒட்டினால் அதற்கு இருப்பதே ஒரு பக்கம்தான். அதை எந்தப் பக்கமாக நகர்த்துவது? முதலாண்டு மாணவர்களுக்கே தெரிந்த விஷயம். படத்தில் எப்போதும் இரண்டு நிறம் இருந்ததால், இரண்டு பக்கம் இருக்கிறதா என்று அவள் கேட்டதே இல்லை.

சாக்பீஸை வைத்துவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கணவனிடம் போனாள்.

"ஏங்க, ஓட்டை."

"எதுல?"

"நிரூபணத்துல."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"எனக்குத் தெரியுமே."

அவன் வாசலைப் பார்த்தான். குழு உள்ளே வந்துகொண்டிருந்தது. முன்னால் தலைவர், மாணவர்கள் 'ரம்பம்' என்று கூப்பிடும் பேராசிரியர்.

"சொல்லிடு," என்றான். "ஆனா ஊர் மாறறப்ப அந்த இரும்பு பீரோவை இந்தத் தடவை நான் தூக்க மாட்டேன்."

அவள் பலகைக்குத் திரும்பினாள். "இந்தத் தேற்றம் இரண்டு பக்கம் உள்ள பரப்புக்கு மட்டும்தான். மத்ததுக்கு என் நிரூபணம் செல்லாது. இப்பதான் கண்டுபிடிச்சேன்."

பலகையில் 'சிவப்பு' என்ற வார்த்தையின் கீழே கோடு போட்டாள்.

"அப்ப மீதி?" என்றார் ரம்பம்.

"உண்மையா பொய்யான்னே தெரியலை சார்."

"தெரியாததை வச்சுக்கிட்டா வேலை கேக்கறீங்க?"

"அதுக்குத்தான் சார் கேக்கறேன்."

யாரோ சிரித்தார்கள். ரம்பம் சிரிக்கவில்லை.

வேலை வேறொருவருக்குப் போனது. பீரோவை வழக்கம்போல இருவருமாகத்தான் இறக்கினார்கள். புது ஊரில் ஒரு பக்கப் பரப்புகளோடு பல வருடம் மல்லுக்கட்டினாள். அவற்றில் தன் தேற்றம் பொய் என்று காட்டும் உதாரணம் ஒன்று அகப்பட்ட அன்று, பலகை முழுக்க வெள்ளைக் கோடுகள். கட்டுரையை முதலில் ரம்பத்துக்குத்தான் அனுப்பினாள்.