ராசாத்தியின் வயிறும் டொக்டர் ஐயாவும்

கதிர்காமத்தம்பி டொக்டர் இல்லை. ஒஸ்லோவில் இது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கதிர்காமத்தம்பி, மற்றவர் அவருடைய மனைவி சரோஜாதேவி. மற்ற எல்லாருக்கும் அவர் டொக்டர் ஐயாதான். அவர் குடியிருக்கும் புருசெத் பகுதியில் தமிழர் வீட்டுக் கிளி சாப்பிடாவிட்டால் அவருக்குத்தான் போன் வரும். பூனை நொண்டினாலும் அவர்தான். கலியாண மண்டபத்தில் முன்வரிசைக் கதிரை ஒன்று அவருக்கென்று காலியாகவே இருக்கும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். இங்கே இலுப்பைப்பூவும் இல்லை, வெறும் பேர்தான்.

பொய் சொன்னாரா என்று கேட்டால், சொல்லவில்லை. எண்பதுகளின் கடைசியில் நோர்வேயின் வடகோடியில் பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டப் போன புதிதில், "ஊரில என்ன வேலை பார்த்தனீங்கள்?" என்று ஒருவன் கேட்டான். "மிருக வைத்தியர் கந்தோரில" என்றார். அது முழு உண்மை. மட்டக்களப்புப் பக்கம் கிரானில் இருந்த அந்த அரசாங்க அலுவலகத்தில் அவர் மாட்டின் வாலைப் பிடித்தார், வெந்நீர் வைத்தார், ஊசி கழுவி அடுக்கினார். கேட்டவன் கந்தோரை விட்டுவிட்டு வைத்தியரை மட்டும் எடுத்துக்கொண்டான். அடுத்த நாள் மீன் மேசையில், "டொக்டர், அந்தக் கத்தியை ஒருக்காத் தாங்கோ" என்றது ஒரு குரல். அப்போதே மறுத்திருக்கலாம். விரல் விறைக்கும் அந்தக் குளிரில் அந்தச் சொல் மட்டும் கொஞ்சம் கதகதப்பாக இருந்தது. மனுசன் கத்தியைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் நின்றார். அன்று பேசாமல் நின்றவர் பதினேழு வருசம் பேசாமலே நின்றுவிட்டார்.

கத்தி கேட்டவன் லூர்து. யாழ்ப்பாணம் குருநகர்ப் பிள்ளை, வேதக்காரன். பிறகு அவனும் ஒஸ்லோவுக்கு வந்தான். கதிர்காமத்தம்பி ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர, லூர்து டாக்சி ஓட்டினான். இடையில் அவன் மனைவி பிள்ளைகளோடு பேர்கனுக்குப் போய்விட்டாள். ஏன் போனாள் என்பது பற்றிப் புருசெத்தில் நாலு கதை உண்டு. நமக்கு அது வேண்டாம்.

2005 மாசி மாதம், பனி முழங்காலளவுக்குக் கிடந்த ஒரு மத்தியானம், லூர்து போன் எடுத்தான்.

"டொக்டர் ஐயா, ஒரு கர்ப்பிணியைப் பாக்கவேணும். வெளியில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

பெண்சாதி இல்லாத வீட்டில் கர்ப்பிணியா? என்ன கூத்தோ என்று நினைத்தபடியே ஐயா சப்பாத்தை மாட்டிக்கொண்டு பக்கத்து புளொக்குக்கு நடந்தார்.

படுக்கையறைத் திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. கட்டில் இருக்கவேண்டிய இடத்தில் பெரிய கண்ணாடிப் பெட்டி. சூட்டு விளக்கின் கீழே, ஆள் நீளத்தைவிட நீளமாக, தொடைப் பருமனில், ஒரு போவாப் பாம்பு படுத்திருந்தது. பாம்பென்றால் படையும் நடுங்கும். கதிர்காமத்தம்பி படையில்லை, வால் பிடித்தவர். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இவள்தான் ராசாத்தி" என்றான் லூர்து, பொம்பிளை பார்க்க வந்தவர்களுக்கு மகளைக் காட்டுகிறவன் மாதிரி.

நோர்வேயில் வீட்டில் பாம்பு வளர்ப்பது சட்டப்படி குற்றம். பிடிபட்டால் பாம்பைக் கொண்டுபோய் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். அதனால்தான் அவன் வெட்டெரினாரிடம், அதாவது இந்த நாட்டு மிருக டொக்டரிடம், போகவில்லை. நாட்டைவிட்டுப் போன ஒரு நோர்வேஜியன் விட்டுச்சென்ற பாம்பு. நாலு வருசமாக லூர்துவோடு இருக்கிறது. டாக்சியில் சனத்தின் ஏச்சையும் வாந்தியையும் சுமந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், தலையைத் தூக்கிப் பார்க்க இந்த ஒரு சீவன்தான். ஆவணியில் எங்கேயோ இருந்து ஒரு ஆண் பாம்பை இரவல் வாங்கி விட்டிருக்கிறான். இந்தச் சாதி முட்டை இடாதாம், குட்டியே போடுமாம்.

"பின்பக்கம் வீங்கியிருக்குது பாருங்கோ. எலியைத் தொடுறாளில்லை. வயித்தைத் திருப்பி விளக்குக்குக் காட்டிக்கொண்டு கிடக்கிறாள். இதெல்லாம் நல்ல குறியெண்டுதான் இன்டர்நெட்டில போட்டிருக்கு. ஆனா நாள் கடந்துபோச்சு, ஐயா. உள்ளுக்குக் குட்டியள் சுகமோ எண்டு தெரியவேணும். நீங்க தொட்டாத் தெரியும்தானே?"

பெட்டியின் மூடியைத் திறந்தான்.

அப்போது அந்த மணம் வந்தது. இனிப்பும் அழுகலும் கலந்த மணம். கதிர்காமத்தம்பிக்கு வேறு எது தெரியாவிட்டாலும் இந்த மணம் தெரியும். கிரானில் ஒரு மாரிகாலம், ஒரு பசு கன்று போட மாட்டாமல் நின்றது. மெய்யான டொக்டர் முழங்கை வரை கைவிட்டு, "உள்ளுக்கே செத்துப்போச்சு" என்றார். வால் பிடித்திருந்த கதிர்காமத்தம்பியின் மூக்குக்கு நேரே இதே மணம்தான் வந்தது.

லூர்து கெஞ்சியதால் இரண்டு விரலை மட்டும் நீட்டிப் பாம்பின் வயிற்றில் வைத்தார். தோல் உலர்ந்து மெத்தென்று இருந்தது. அதற்குள்ளே வரிசையாகக் கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டது. ஒன்றும் அசையவில்லை.

"எனக்கு மூக்கில ஒப்பரேசன் செய்த பிறகு மணம் தெரியாது, ஐயா. கெட்ட மணம் வந்தாக் கூடாது, உடனே வைத்தியம் பாக்கவேணும் எண்டு போட்டிருக்கு. ஏதும் மணக்குதோ?"

இதைவிடச் சுலபமாக ஒருவனிடம் கேள்வி கேட்க முடியாது. ஓம் என்றால் போதும். ஆனால் ஓம் என்றால் அடுத்த கேள்வி, 'அப்ப என்ன செய்யிறது, டொக்டர்?' அதற்கு அவரிடம் பதில் இல்லை. இல்லை என்றால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

"இல்லை. நல்லாத்தான் இரிக்கு, தம்பி. சுகப் பிரசவம் நடக்கும். தாயை ஆக்கினைப்படுத்தாம விடு."

லூர்து அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பாம்பைத் தொட்ட அதே கை.

வீடு திரும்பும் வழியில் அவர் தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டார். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு முன்னால் கெட்ட வார்த்தை சொல்லக்கூடாது. ஊரில் யார் சொல்வார்கள்? எந்த வயிற்றைப் பார்த்தாலும், எல்லாம் நல்லபடி நடக்கும் என்பதுதானே நம் வழக்கம்? தானும் வழக்கத்தைத்தானே செய்தார்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எவ்வளவு சோறு வேண்டும் என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கையைக் கழுவினார். மறுபடியும் கழுவினார்.

"என்னத்துக்கு இப்பிடிக் கழுவுறீங்க?" என்றாள் சரோஜாதேவி.

"பூனை ஒண்டு பார்த்தன்."

அவள் அவரைப் பார்த்தாள். துவாயை எடுத்து நீட்டினாள். அவளும் இத்தனை வருசம் 'டொக்டர் அக்கா' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தவள்தானே.

அந்தக் கிழமை முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. முதியோர் இல்லத்தில் மீன் குழம்பு கிண்டும்போதும் அந்த மணம். லூர்து தினமும் போன் எடுத்தான். "இன்னும் இல்லை, ஐயா. ஆனா நீங்க பாத்ததால எனக்கு நிம்மதி. இல்லாட்டி நான் வெட்டெரினாரிட்டயே போயிருப்பன், பிடிபட்டாலும் பரவாயில்லை எண்டு." இதைக் கேட்டபோது கதிர்காமத்தம்பிக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. இப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "பொறுத்துப் பார் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். தன்னைப் போல ஒரு கோழை உலகத்தில் இல்லை என்று அவர் நினைத்தார். அதில் பிழையில்லை.

சனிக்கிழமை காலை லூர்து கதவைத் தட்டினான். தொப்பி இல்லை, முகம் வெளிறியிருந்தது.

"ரத்தமும் சீழுமா வருது, ஐயா. ரெண்டு வந்துட்டுது, ரெண்டும் மஞ்சக் கட்டி. குட்டியில்லை. வாங்கோ, உங்கட சாமான்களை எடுத்துக்கொண்டு வாங்கோ!"

சாமான்கள். கதிர்காமத்தம்பி தன் வெறுங்கைகளைப் பார்த்தார்.

"ஆசுபத்திரிக்குக் கொண்டு போவம்" என்றார்.

"அவளைப் பறிச்சுப்போடுவாங்கள்!"

"உசிர் கிடந்தாப் பறிக்கட்டும். இல்லாட்டிப் பறிக்கவும் ஒண்டும் இரிக்காது. வா."

பஸ்மதி அரிசி வந்த பெரிய துணிப்பையில் ராசாத்தியை இறக்கினார்கள். வெளியே குளிர் கடித்தது. காரின் ஹீட்டர் சூடாக நேரமெடுக்கும். பாம்புக்குக் குளிர் ஆகாது. லூர்து ஓட்டவேண்டும். ஆகவே பை, கதிர்காமத்தம்பியின் மடிக்கு வந்தது. அவர் கோட்டைத் திறந்து அதை வயிற்றோடு அணைத்து, மேலே பொத்தானைப் பூட்டினார். பாரம் மெல்ல நகர்ந்து அவருடைய விலாவைத் தேடி ஒடுங்கியது. பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெட்கம் வந்த இடத்தில் பயத்துக்கு இடம் இருக்கவில்லை.

மிருக ஆசுபத்திரியில் இருந்தவள் முகமெல்லாம் புள்ளி விழுந்த ஒரு இளம் பெண். பாம்பைக் கண்டதும் புருவத்தைத் தூக்கினாள், ஆனால் சட்டம் பேசவில்லை. முதலில் ஸ்கான் பார்த்தாள். பிறகு, "இதற்கு முன் யாராவது பார்த்தார்களா?" என்று கேட்டாள்.

"இவர் பாத்தவர்" என்றான் லூர்து நோர்வேஜிய மொழியில், கொஞ்சம் பெருமையோடு. "இவரும் வெட்டெரினார்தான். இலங்கையில்."

அவளுடைய முகம் மலர்ந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினாள். "அப்படியென்றால் நாம் ஒரே தொழில்காரர்" என்றாள். ஸ்கான் திரையை அவர் பக்கம் திருப்பி, இது இது என்று காட்டி விளக்கினாள். புருசெத் சனம் தந்த முன்வரிசைக் கதிரையெல்லாம் அந்தக் கைகுலுக்கலுக்கு முன்னால் ஒன்றுமில்லை. அவர் கூசிப்போனார்.

"நீங்கள் பார்த்தபோது எப்படி இருந்தது? மணம் எப்போது தொடங்கியது?"

லூர்து அவருக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தான். "அப்ப மணம் இல்லை" என்று சொல்லத்தான். கதிர்காமத்தம்பி முந்திக்கொண்டார். மொழி இடறியது, ஆனால் தெளிவாகவே சொன்னார்.

"நான் டொக்டர் இல்லை. மாட்டின் வாலைப் பிடித்தவன். மணம் அன்றைக்கே இருந்தது. ஒரு கிழமைக்கு முன்னால். எனக்குத் தெரிந்தது. இல்லை என்று சொன்னேன்."

அந்தப் பெண் லூர்துவைப் பார்த்தாள். லூர்து மேசையில் கிடந்த அரிசிப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ராசாத்தி பிழைக்கவில்லை. கிருமி உடம்பெல்லாம் ஏறிவிட்டது, ஊசி போட்டு அனுப்புவதுதான் இரக்கம் என்றாள் டொக்டர். வயிற்றுக்குள் பாதி கருக்கட்டாத மஞ்சள் கட்டிகள், பாதி முழுதாக வளர்ந்து செத்த குட்டிகள். அவற்றின் முதுகில் தாயின் கோலம் அப்படியே சின்னதாக எழுதியிருந்தது. "இவை போன கிழமை உயிரோடு இருந்திருக்கலாம்" என்று அவள் சொன்னது யாரையும் குத்துவதற்காக அல்ல. குத்தத்தான் செய்தது.

காரில் லூர்து ரோட்டையே பார்த்து ஓட்டினான். என்னை ஏசு, அடி என்று கதிர்காமத்தம்பியின் மனம் கெஞ்சியது. சிக்னலில் கார் நின்றபோது லூர்து இவர் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "பெல்ட்டைப் போடுங்கோ, அண்ணை."

பதினேழு வருசத்தில் முதல் தடவையாக, அண்ணை.

பங்குனியில் ஒரு கலியாணம். கதிர்காமத்தம்பி பின்வரிசையில் போய் உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் தகப்பன் குகநேசன் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார். "டொக்டர், இஞ்சை ஏன் இருக்கிறியள்? முன்னுக்கு வாங்கோ!" சுற்றிலும் சனம். நாலைந்து கதிரை தள்ளி லூர்து. அவன் யாரிடமும் எதையும் சொல்லவில்லை என்பது அந்த மண்டபத்தின் மரியாதையிலேயே தெரிந்தது. கதிர்காமத்தம்பி எழுந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நான் டொக்டர் இல்லை. மாடு பிடிச்ச ஆள். என்ர வாயால ஒரு சீவன் செத்தும் போச்சு."

குகநேசன் ஒரு கணம் விழித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தியளே, எவ்வளவு தன்னடக்கம்! வைத்தியம் பாக்கேக்குள்ள ஒண்டு ரெண்டு தவறுறதுதானே. படிச்ச மனுசர் இப்பிடித்தான்" என்று சபையைப் பார்த்துச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நாலு கைகள் சேர்ந்து அவரை முன்வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போய் உட்காரவைத்தன. ஒரு பிள்ளை சந்தனம் கொண்டுவந்து நீட்டியது.

அவர் திரும்பிப் பார்த்தார். அந்த மண்டபத்தில் லூர்து மட்டும் சிரிக்கவில்லை.