மைக்கத் திருப்புன கிழவர்

இத எழுதவே வேணாம்னுதான் இருந்தேன். வெளிநாட்டுக் கிழவனுங்க மேடையில ஆடுன வீடியோவப் பாத்துட்டு பெங்களூரு பிரேசர் டவுன்ல நாலு பேர் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்ட கதை இது. இதுக்குப் போயி பேனா மையத் தீக்கணுமான்னு தோணுச்சு. அதுவுமில்லாம நான் பி.யு.சி. மொத வருஷத்தோட காலேஜுக்குக் கும்பிடு போட்டவன். காலேஜும் பதிலுக்கு நல்லா பெரிய கும்பிடா போட்டுச்சு. ஆனா இந்தக் கதைய என் ஃப்ரெண்டு அவன் வாயால சொல்ல மாட்டான். மத்தவங்க சொன்னா எனக்குப் புடிச்ச எடத்தையெல்லாம் விட்டுடுவாங்க. அதனால நானே எழுதுறேன்.

ஃப்ரெண்டு பொம்மசந்திராவுல ஒரு ஃபேக்டரியில பேக்கிங் செக்ஷன். விடியறதுக்குள்ள கம்பெனி பஸ் ஏறணும். சாயங்காலம் ஓசூர் ரோட்டு ட்ராஃபிக் அவன மென்னு துப்புனப்புறம் பாதி ஆளாத்தான் எறங்குவான். ஞாயித்துக்கிழமை மட்டும் முழு ஆள், ஏன்னா அன்னிக்கு அவன் பாட்டுக்காரன். எங்க பேண்டுல அவன் பாடுவான், நான் கிட்டாரு. அப்புறம் ஒரு அண்ணன் தம்பி. அண்ணன் பேஸ், தம்பி டிரம்ஸ். அவங்க ரெண்டு பேரும் வீட்டுல பேசிக்க மாட்டாங்க. ‘அவன்கிட்ட சொல்லு’ன்னு என்கிட்டதான் சொல்லுவாங்க. தாளம் மட்டும் எப்படியோ சேந்துடும்.

வருஷம் பூரா கல்யாண வீட்டுல சினிமாப் பாட்டுதான் வாசிப்போம். டிசம்பர்ல சர்ச் காம்பவுண்டுல ஒரு ப்ரோக்ராம் நடக்கும், அதுல மட்டும் எங்க இஷ்டம். கடைசிப் பாட்டு எல்லா வருஷமும் ஒண்ணுதான். அது நாங்க உசுரா நெனைக்கிற ஒரு வெளிநாட்டு பேண்டோட பாட்டு. அந்தப் பாட்டு முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி எல்லா வாத்தியமும் நின்னுடும். பாடுறவன் மட்டும் கொரல மேல ஏத்தி, மூச்சு இருக்கிற வரைக்கும் ஒரே எடத்துல நிப்பான். நாங்க அதுக்கு ‘அந்த எடம்’னுதான் பேர் வெச்சிருந்தோம். என் ஃப்ரெண்டு அங்க போய் நின்னான்னா, இங்கிலீஷே தெரியாத ஆன்ட்டிங்ககூட எழுந்து கைதட்டுவாங்க. அது முடிஞ்சாதான் பிரியாணி பொட்டலம் குடுப்பாங்க, அதுக்குத்தான் எழுந்திருக்காங்கன்னு நான் சொல்லுவேன். அவனுக்குச் சுள்ளுனு வரும்.

ரெண்டு வருஷமா அந்த எடம் அவனுக்கு ஆட ஆரம்பிச்சுச்சு. போன டிசம்பர்ல ஒடஞ்சே போச்சு. கதவு கீல் மாதிரி ஒரு சத்தம், அப்புறம் இருமல். பட்டாசுப் பொகைன்னு மைக்குலயே சமாளிச்சான். அன்னிக்கு அந்த ஏரியாவுல யாருமே பட்டாசு வெடிக்கல.

எறங்குனதும் நான் சும்னே, வாயத் தொறக்காம இருந்திருக்கலாம். “மச்சா, கொக்கரக்கோன்னு முடிச்சிருந்தா விடிஞ்சாவது இருக்கும்”னேன். அவன் சிரிக்கல. அடுத்த வருஷம் பேர் குடுக்க வேணாம்னு மட்டும் சொன்னான்.

இந்த நெலமையிலதான் அந்த வி.சி.டி. வந்துச்சு. எங்க உசுரான அந்த வெளிநாட்டு பேண்டு ரொம்ப வருஷம் கழிச்சு மறுபடி ஒண்ணா மேடை ஏறியிருக்காங்க, அத அப்படியே ரெண்டு டிஸ்க்குல போட்டு விக்கிறாங்கன்னு சிவாஜிநகர் பாய் ஆள் விட்டுச் சொன்னாரு. ஃப்ரெண்டு அன்னிக்கே ஷிஃப்டு முடிஞ்ச கையோட, யூனிஃபார்மோட போய் வாங்கிட்டு வந்தான்.

“ஞாயித்துக்கிழமை என் வீட்டுல பாக்குறோம்”னான். “அந்த எடத்துல அந்தப் பாட்டுக்காரரு நின்னாருன்னா நானும் நிப்பேன் குரு. அவருக்கு அறுபது ஆவப் போவுது, எனக்கு அதுல பாதி. அவருக்கே வரலன்னா, நான் விட்டுடுறேன். சொல்லிட்டேன்.”

இதுக்கு நடுவுல பாயப் பத்திச் சொல்லிடணும். தொண்ணூறுகள்ல சிவாஜிநகர்ல அவருக்கு ஒரு ரெக்கார்டிங் கடை. நாம கேக்குற பாட்ட எல்லாம் அவர்கிட்ட இருக்கிற ரெக்கார்டுலேர்ந்து எடுத்து, வெத்துக் கேசட்டுல பதிஞ்சு தருவாரு. நாங்க பதினெட்டு, இருபது வயசு பசங்களா இருந்தப்ப அந்த பேண்டோட பாட்டெல்லாம் ஒரே கேசட்டுல அவருதான் பண்ணிக் குடுத்தாரு. எங்க ஏரியாவுல அந்த பேண்டு யார் வீட்டுல பாடுனாலும் அது எங்க கேசட்டோட காப்பி, இல்ல காப்பிக்குக் காப்பி. கிட்டாருக்குச் சுருதி சேக்குறதுன்னாலும் அந்தக் கேசட்டப் போட்டுத்தான் சேப்போம். கம்பிய முறுக்கி முறுக்கி அது கூட நிக்க வெக்கிறதுக்குள்ள மொதக் கம்பி படக்குனு அறுந்துடும். கம்பி விக்கிறவன ஒரு நாள் திட்டுவோம், கம்பி செஞ்சவன ஒரு நாள் திட்டுவோம். சர்ச்சுல கீபோர்டு வாசிக்கிறவரு எங்க கூட வாசிக்கணும்னா ஒரு பட்டன அமுக்கி சுருதிய ஏத்திக்குவாரு. “ஊருக்கெல்லாம் ஒரு சுருதி, உங்களுக்கு மட்டும் தனிச் சுருதியாப்பா?”ம்பாரு. சர்ச்சு கீபோர்டு ரிப்பேருன்னு நாங்க முடிவே பண்ணிட்டோம். பழைய சாமான், பாவம்னு ஒரு பெருந்தன்மை வேற.

ஒரு தடவ பிரிகேட் ரோடு பக்கம் ஒரு பப்புல அதே பாட்டு ஓடுச்சு. கொஞ்சம் சோம்பேறித்தனமா ஓடுச்சு. ஃப்ரெண்டு எழுந்து கவுன்டருக்கே போய், “பிரதர், உங்க மிஷின்ல பெல்ட்டு லூசு, மாத்துங்க”ன்னு சொல்லிட்டு வந்தான். அந்தாளு தேங்க்ஸ் சொன்னான். அவ்ளோ நம்பிக்கையா சொன்னா யாரும் தேங்க்ஸ் சொல்லித்தான் ஆகணும்.

சரி, ஞாயித்துக்கிழமை. கறிக்கொழம்பு சாப்புட்டு, கர்ட்டன இழுத்துவிட்டு, எல்லாரும் டி.வி. முன்னாடி ஒக்காந்தோம். ஃப்ரெண்டோட சம்சாரம், எங்களுக்கெல்லாம் அண்ணி, கதவுகிட்ட நின்னுக்கிட்டே பாத்தாங்க. மொத டிஸ்க்கு போட்டாச்சு. பொகை, லைட்டு, கூட்டம் கத்துது. பொகைக்குள்ளேர்ந்து எங்க ஆளு வந்தாரு.

ஃப்ரெண்டு வீட்டுச் செவுத்துல அவரு போட்டோ ஒண்ணு ஒட்டியிருக்கும். இடுப்பு வரைக்கும் முடி, எலும்பு தெரியிற ஒடம்பு, சட்டை இல்ல. டி.வி.யில வந்தவருக்கு முடி காதோட நின்னுபோச்சு. தோல் பேன்ட்டு மட்டும் அதே பேன்ட்டு போல. பேன்ட்டுக்கு வயசாவல, உள்ள இருக்கிறவருக்கு ஆயிடுச்சு.

“ஏங்க, இவரா அவரு?”ன்னு அண்ணி கேட்டாங்க.

“லைட்டிங்கு அப்படி”ன்னான் ஃப்ரெண்டு.

“மூச்சு வாங்குது பாருங்க. ஒரு ஸ்டூல் போட்டா ஒக்காந்து பாடுவாரில்ல.”

“அண்ணி, அந்தப் பேன்ட்டுல ஒக்காந்தா எழுந்திருக்க முடியாது”ன்னேன்.

“டேய், நீ வாய மூடிட்டுப் பாக்குறதா இருந்தா பாரு.”

மூடிட்டுத்தான் பாத்தேன், கொஞ்ச நேரம். கிட்டாருக்காரரு மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டு தன் வெரலத் தானே தேடிக்கிட்டிருந்தாரு. டிரம்ஸ்காரருக்குப் பின்னாடி ஒரு டேபிள் ஃபேனு. ஒவ்வொரு பாட்டுக்கு நடுவுலயும் எங்க ஆளு ஒரு டம்ளர்லேர்ந்து எதையோ குடிச்சிட்டு நீளமா பேசுனாரு. கஷாயமா இருக்கும்னு அண்ணி சொன்னாங்க.

அப்புறம் அந்தப் பாட்டு வந்துச்சு. ஆரம்பிச்ச ஒடனே தம்பி, “ஸ்லோ”ன்னான். அண்ணன், “சுருதியும் கீழ”ன்னான். அந்த ரெண்டு பேரும் நேருக்கு நேரா ஒத்துக்கிட்டு நான் பாத்தது அதுதான் மொதத் தடவ. மூலையில வெச்சிருந்த என் கிட்டார எடுத்து டி.வி.யோட சேத்துப் பாத்தேன். ஒவ்வொரு கம்பியையும் அரைக்கட்டை தளத்துனப்புறம்தான் சேந்துச்சு.

“எறக்கிட்டாங்க மச்சா. அரைக்கட்டை”ன்னேன்.

அந்த எடம் வந்துச்சு. எல்லா வாத்தியமும் நின்னுச்சு. ஃப்ரெண்டு ஒக்காந்திருந்த சேரோட கையப் புடிச்சுக்கிட்டான். டி.வி.யில எங்க ஆளு வாயத் தொறந்தாரு. அழகா ஒரு சிரிப்பு சிரிச்சாரு. மைக்க எடுத்து ஜனங்க பக்கம் திருப்பிட்டாரு. ஜனங்க பாடுனாங்க. இவரு கண்ண மூடி, தலைய ஆட்டி ரசிச்சாரு.

“டிக்கெட்டு வாங்குனவனயே பாட வெச்சுட்டான் பாரு”ன்னான் அண்ணன்.

ஃப்ரெண்டு ரிமோட்ட எடுத்து ஆஃப் பண்ணான். “அவருக்கே வரல”ன்னான். வெளிய போய் பைக்கத் தொடைக்க ஆரம்பிச்சான். காலையிலதான் அத தொடைச்சிருந்தான். அண்ணி என்னப் பாத்தாங்க. எனக்கு ஒரு ஜோக்கும் வரல, அது எனக்கே புதுசு.

வி.சி.டி.ய நான் எடுத்துட்டு வந்தேன். துக்கம்லாம் இல்ல, அந்த மைக்கத் திருப்புற ஸ்டைல நல்லாப் பாத்து மிமிக்ரி பண்ணலாம்னுதான். அடுத்த நாள் கொரியர் வேலைக்கு லீவு போட்டுட்டு, நாங்க பாக்காம விட்ட ரெண்டாவது டிஸ்க்கையும் போட்டேன். அதுல நடுவுல ஒரு எடத்துல கிழவருங்க தண்ணி குடிக்க உள்ள போறாங்க. மேடைக்குப் பின்னாடி இருக்கிற பெரிய ஸ்க்ரீன்ல அவங்க சின்ன வயசுல எடுத்த படம் ஓடுது. கறுப்பு வெள்ள. செவுத்துப் போட்டோவுல இருக்கிற அதே ஆளு, அதே முடி. அதே பாட்டு. அந்த எடம். அவரே நின்னு பாடுறாரு, அதுவும் பல்லு குத்துற மாதிரி அலட்டிக்காம.

கிட்டாரு மடியில இருந்துச்சு. முந்தின நாள் கிழவருங்களுக்காக அரைக்கட்டை தளத்துனது அப்படியேதான் இருந்துச்சு. சும்மா ஒரு தட்டு தட்டுனேன். சேந்துச்சு. மறுபடி ஓட்டித் தட்டுனேன். அப்பவும் சேந்துச்சு. அந்த எளவயசுப் பையன் பாடுன சுருதியும் இந்தக் கிழவர் பாடுன சுருதியும் ஒண்ணு. அவங்க எதையும் எறக்கல. அப்படின்னா ஏத்துனது யாரு?

அறுந்த கம்பி, சர்ச்சு கீபோர்டு, பப்புல லூசான பெல்ட்டு எல்லாம் வரிசையா வந்து என் முன்னாடி நின்னுச்சு. நேரா சிவாஜிநகர் போனேன்.

“க்யா மியா, வி.சி.டி. நிக்குதா? மாத்தித் தர மாட்டேன், முன்னாடியே சொல்லிடறேன்”ன்னாரு பாய்.

“வி.சி.டி. நல்லாத்தான் இருக்கு பாய். கேசட்டுதான் சரியில்ல.”

“எந்தக் கேசட்டு?”

“தொண்ணூத்தி ரெண்டுல பண்ணிக் குடுத்தீங்களே, அது.”

பாய் வயிறு குலுங்கச் சிரிச்சாரு. “அதுக்கு இன்னும் கேரண்டி கேக்குறியா?”

விஷயத்தச் சொன்னேன். அவரு கொஞ்சம்கூட வெக்கப்படல. “உன் தோஸ்து கேட்ட பாட்டு அறுபது நிமிஷக் கேசட்டுல அடங்காது. கடைசிப் பாட்டு பாதியில கட் ஆச்சுன்னா சண்டைக்கு வருவீங்க. ரெக்கார்டு பிளேயர்ல வேகத்துக்கு ஒரு தள்ளு பட்டன் இருக்கும். லேசா மேல தள்ளிட்டேன். கொஞ்சம் வேகமா ஓடும், எல்லாப் பாட்டும் உள்ள ஒக்காந்துடும்.”

“வேகமா ஓட்டுனா சுருதி ஏறுமே பாய்.”

“ஹவ், ஏறும். ஜோஷா இருக்கும். ஒருத்தன்கூட கம்ப்ளெயின்ட் பண்ணல. நீதான் மொதல்ல வந்திருக்க, அதுவும் இவ்ளோ லேட்டா.”

தள்ளிக் காட்டுறேன்னு அந்தக் கட்டைவெரல காத்துலயே ஆட்டிக் காட்டுனாரு. நான் அந்த வெரலையே பாத்துக்கிட்டிருந்தேன். நாங்க இத்தன வருஷம் கும்புட்டதுல பாதி அந்தப் பாட்டுக்காரரு, மீதி இந்த வெரலு.

அடுத்த ஞாயித்துக்கிழமை அண்ணன் தம்பி வீட்டு மாடியில ப்ராக்டீஸு. ஒரு கல்யாணம் இருந்துச்சு, அதுக்காக ஃப்ரெண்டும் வந்தான். நான் யாருக்கும் சொல்லாம, அண்ணன் பேஸையும் சேத்து அரைக்கட்டை தளத்தி வெச்சிருந்தேன். சினிமாப் பாட்டு முடிஞ்சதும் சும்மா வெளையாட்டா அந்தப் பாட்ட ஆரம்பிச்சேன். ஃப்ரெண்டு முறைச்சான். ஆனா அந்தப் பாட்டு வந்துட்டா அவனால வாய மூட முடியாது. தண்ணி டேங்க்ல சாஞ்சுக்கிட்டே மொனகுனான், அப்புறம் பாடுனான். அந்த எடம் வந்துச்சு. நாங்க நின்னோம். அவன் போய் நின்னான். ஒடையல, ஆடல. கீழ தெருவுல காய்கறி வண்டிக்காரன் மேல அண்ணாந்து பாத்தான்.

முடிச்சிட்டு, சந்தோஷப்படுவான்னு பாத்தா, “என்ன பண்ணி வெச்சிருக்க?”ன்னான்.

எல்லாத்தையும் சொன்னேன். கறுப்பு வெள்ளப் படம், பாயோட தள்ளு பட்டன், எல்லாம். பப்புல பெல்ட்டு மாத்தச் சொன்னத மட்டும் ரெண்டு தடவ சொன்னேன். அவன் டேங்க் மேடையில ஒக்காந்துட்டான்.

“அப்ப அவரு பாடாத சுருதியிலயா நான் பாடிக்கிட்டிருந்தேன், இத்தன வருஷமா?”

“ஆமா. அவருக்கு மேல. ஒன் தொண்டைய ஒடச்சது வயசு இல்ல மச்சா, பாய்.”

அவன் இன்னொரு தடவ, எங்களுக்குக் கேக்காத மாதிரி, அந்த எடத்த மெதுவா பாடிப் பாத்தான். வந்துச்சு. அவன் மூஞ்சியப் பாத்தா, கஷ்டப்பட்டு மாடியேறி வந்தவன்கிட்ட பின்னாடியே லிஃப்ட் இருக்குன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு.

“இப்ப என்ன, டிசம்பருக்குப் பேர் குடுத்துடவா?”ன்னு கேட்டேன். “அரைக்கட்டை கீழயே வெச்சுக்கலாம். நீ தூங்கிக்கிட்டே பாடலாம்.”

அவன் எழுந்து பேன்ட்டுல ஒட்டுன மண்ணத் தட்டுனான்.

“பேர் குடு, ஆனா பாய் ஸ்பீடுலயே வாசிங்க, அந்த எடம் வரலன்னா நானும் மைக்க ஆன்ட்டிங்க பக்கம் திருப்பிக்கிறேன்.”